பூட்டனின் கணக்குக்கு ஓர் எண்பலகை

நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக உறுதிகள், அதாவது காணிப் பத்திரங்கள், தட்டச்சுச் செய்து வருகிறேன். காணியின் பரப்பு, குழி, எல்லை, உறுதி இலக்கம், திகதி என்று ஓர் உறுதியில் எழுத்துக்குச் சமமாக எண்கள் வந்துகொண்டே இருக்கும். அதனால் என் வலது கைக்குத் தட்டச்சுப் பலகையின் வலது ஓரத்து எண்விசைகள்தான் பழக்கம். 5இன் மேலே இருக்கும் சிறு புடைப்பில் நடுவிரல் பட்டால் போதும், மற்ற ஒன்பது இலக்கங்களும் எங்கே இருக்கின்றன என்று கண் பார்க்க வேண்டியதில்லை.

வீட்டில் இருக்கும் மடிக்கணினியில் அந்த எண்விசைகள் கிடையாது. மேல் வரிசையில் 1 முதல் 0 வரை நீட்டிப் படுத்திருக்கும் விசைகளோடு என் கை ஒருபோதும் ஒத்துப்போனதில்லை. ஆகவே மாசி மாதத்தில் யாழ்ப்பாணம் ஸ்டான்லி வீதியில் ஒரு கடைக்குப் போய், யூ.எஸ்.பி.யில் செருகும் எண்பலகை ஒன்றை 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். நம்லாக் (எண்விசைகளை எண் தரவைக்கும் விசை), வகுத்தல், பெருக்கல், அழிப்பு விசை மேலே. கீழே 0, அதன் பக்கத்தில் 00, பிறகு புள்ளி. உள்ளங்கையில் அடங்கும் பொருள்.

அதை வாங்கியது அலுவலக வேலைக்காக அல்ல. என் பூட்டனின் கொப்பிகளுக்காக.

பூட்டன் என்றால் அம்மாவின் அம்மப்பா. உரும்பிராயில் செம்மண் தோட்டத்தில் புகையிலை செய்தவர். தடித்த அட்டை போட்ட இரண்டு கணக்குக் கொப்பிகள் அம்மாவின் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தன. எத்தனை முறை வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினோம், எத்தனை முறை திரும்பி வந்தோம்! ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி கூடவே வந்தது. முதல் கொப்பி பிரபவ வருஷத்தில் தொடங்குகிறது. ஆங்கிலக் கணக்கில் 1927-28. முழுவதும் தமிழ் எண்களால் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில்கூட 1, 2, 3 இல்லை.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பதினொரு வயது வரை பூட்டனின் திண்ணையில் இருந்து அந்த எண்களைப் பழகியவர். வீட்டில் அவற்றைத் தடக்கமில்லாமல் வாசிக்கத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். ஆகவே இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர் வாசிப்பார், நான் தட்டுவேன் என்று முடிவு செய்தோம்.

தொடக்கத்தில் பெரிய தவறு ஒன்று செய்தேன். தமிழ் எண்களின் உருவம் எழுத்துகளின் உருவத்தைப் போலவே இருக்கும். ஒன்று க போல, இரண்டு உ போல, ஏழு எ போல, எட்டு அ போல. தாளில் அச்சடித்தால் வேறுபாடு தெரியாது. ஆகவே ஒன்று வந்த இடத்தில் க, எட்டு வந்த இடத்தில் அ என்று எழுத்துகளையே தட்டிக்கொண்டு போனேன். முப்பத்தொரு பக்கங்கள் அப்படியே போயின.

பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பெறாமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்தக் கோப்பில் உள்ள தொகைகளைக் கூட்டித் தருவதற்கு பைதான் மொழியில் சிறு நிரல் எழுதினான். நிரல் ஒரு தொகையையும் கண்டுபிடிக்கவில்லை. "சின்னம்மா, இதில் எண்ணே இல்லை, எல்லாம் எழுத்து" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கணினிகள் எழுத்துகளை அடையாளம் காணும் பொது அட்டவணையான யுனிகோடில் க என்ற எழுத்துக்கு ஓர் இடம், ௧ என்ற எண்ணுக்கு வேறோர் இடம். கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இந்த வேதனை எனக்குப் புதிதல்ல. அலுவலகத்தில் எத்தனையோ ஆண்டுகள் பாமினி எழுத்துருவில் உறுதி தட்டியவள் நான். பாமினியில் தட்டியது உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கும். மேலே போர்த்தியிருக்கும் எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. தமிழைப்போலத் தெரிவது வேறு, தமிழாகவே இருப்பது வேறு என்பதை அங்கே கண்ட பிறகும், பூட்டனின் எண்ணைப் போலி எழுத்தால் எழுதிவிட்டேனே என்று அன்று இரவு நித்திரை வரவில்லை. முப்பத்தொரு பக்கங்களையும் திரும்பத் தட்டுவது என்று தீர்மானித்தேன். இந்த முறை எண்ணை எண்ணாகவே.

என் மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிறது. அதில் தமிழ்99 என்ற தளவமைப்போடு (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற ஒழுங்கு) தமிழ் எண்களையும் தரும் ஒரு வகை ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது எண்களை மேல் வரிசையில்தான் வைத்திருக்கிறது. என் கைக்கு வேண்டியது வலப்பக்கத்து எண்பலகை.

இங்கே ஒரு நல்ல செய்தி இருந்தது. மேல் வரிசை 1உம் எண்பலகை 1உம் நமக்கு ஒரே எண்ணைத் தந்தாலும், விசைகள் கணினிக்கு அனுப்பும் குறியீடு வேறு வேறு. ஒரே பெயருள்ள இரண்டு பேர், இரண்டு வீட்டு விலாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே எண்பலகை விசைகளின் பொருளை மாற்றினாலும் மடிக்கணினியின் சொந்த விசைகளுக்கு ஒன்றும் ஆகாது. லினக்ஸில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்பதை எக்ஸ்.கே.பி. என்ற முறை சாதாரண உரைக்கோப்பில் வைத்திருக்கிறது. பெறாமகன் காட்டித் தந்த வழியில், இலங்கைக்கான தமிழ்99 தளவமைப்பை அப்படியே எடுத்து, எண்பலகை விசைகளுக்கு மட்டும் புதிய வரிகள் எழுதி, தனியொரு தளவமைப்பாகச் சேமித்தேன். அதற்குப் பெயர் 'பூட்டன்'. மொழி மாற்றும் விசைகளை அழுத்தினால் பூட்டன் வருவார். மீண்டும் அழுத்தினால் ஆங்கிலமும் வழக்கமான 1, 2, 3உம் வரும். வீட்டுச் செலவுக் கணக்குக்கு அது வேண்டும்.

1 முதல் 9 வரை யோசிக்க ஒன்றும் இல்லை: ௧, ௨, ௩, ௪, ௫, ௬, ௭, ௮, ௯. சிந்திக்க வைத்தது 0.

பூட்டனின் கணக்கில் பூச்சியம் கிடையாது. பழைய தமிழ் முறையில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி அடையாளங்கள் உண்டு. முந்நூற்று நாற்பத்தெட்டை ௩௱௪௰௮ என்று எழுதுவார்கள். மூன்று நூறு, நாலு பத்து, எட்டு. யுனிகோடிலும் தமிழ்ப் பூச்சியம் பிந்தித்தான் வந்தது, 2005இல் சேர்த்தார்கள். ஆக, எண்பலகையில் கட்டைவிரலுக்கு அடியிலேயே கிடக்கும் விசைக்கு வேலை இல்லை! அதற்கு ௰ கொடுத்தேன். பக்கத்தில் உள்ள புள்ளிக்கு ௱. கூட்டல் விசைக்கு ௲. அம்மா "முந்நூற்று" என்று வாயெடுக்கும்போதே என் விரல் மூன்றையும் நூறையும் அழுத்தியிருக்கும். "நாற்பத்து" என்னும்போது நாலையும் பத்தையும். நாக்கு போகும் ஒழுங்கிலேயே விரலும் போகிறது. ஒரு கிழமைக்குள் எனக்கு இது 348 என்று தட்டுவதைவிட இயல்பாக வந்துவிட்டது. வாய்விட்டு வாசிக்கக் கேட்டுத் தட்டுவதற்கு இந்தப் பழைய முறைதான் பொருத்தம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

நூறுக்கு 00 விசையைக் கொடுக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். இரண்டு பூச்சியம், நூறு, எவ்வளவு பொருத்தம்! அது முடியவில்லை. விசைகள் என்ன அனுப்புகின்றன என்று காட்டும் சிறு கருவி ஒன்று லினக்ஸில் உண்டு. அதில் பார்த்தபோது, 00 விசைக்கு என்று தனிக் குறியீடு வரவில்லை. 0 விசையின் குறியீட்டையே மிக விரைவாக இருமுறை அனுப்புகிறது என் பலகை. ஆகவே 00ஐ அழுத்தினால் ௰௰ என்று விழுந்தது. வேறு பலகைகள் வேறு விதமாக இருக்கலாம். வாங்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது. நான் அந்த விசையின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். விரல் சொரசொரப்பைத் தொட்டதும் விலகிவிடும்.

மீதி விசைகளுக்கு அலுவலகப் பழக்கம் கைகொடுத்தது. உறுதிகளில் 'மேற்படி' என்ற சொல்லை நாளுக்கு நூறு தடவை தட்டுகிறேன். பூட்டன் அதற்கு ஒரே இழுப்பில் ௸ என்று போட்டிருக்கிறார். அதை வகுத்தல் விசையில் வைத்தேன். கழித்தல் விசைக்குப் பற்றுக்குறி ௶, பெருக்கலுக்கு வரவுக்குறி ௷.

நம்லாக் விசையில் ரூபாய்க் குறியை, ௹, வைத்தபோதுதான் சிக்கல் வந்தது. முதல் நாள் ஒழுங்காக இருந்தது. அடுத்த நாள் ஒன்றை அழுத்தினால் ௹௧௹ என்று வந்தது. நாலை அழுத்தினால் ௹௪௹. கணினியை நிறுத்தித் தொடங்கினேன், பலகையைக் கழற்றி மாட்டினேன், கோப்பில் எங்கோ பிழைவிட்டிருக்கிறேன் என்று ஒவ்வொரு வரியாகத் தேடினேன். மறுபடியும் அந்தக் கருவியைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மடிக்கணினியில் நம்லாக் அணைந்திருந்தால் இந்தப் பலகை ஒரு வேலை செய்கிறது: எண்ணை அனுப்பும் முன்பு தானாகவே நம்லாக்கை ஒருமுறை அழுத்துகிறது, பிறகு எண், பிறகு மறுபடி நம்லாக். ஆங்கிலத் தளவமைப்பில் இது உபகாரம். சில மடிக்கணினிகளில் நம்லாக் ஏறியிருந்தால் ஜே, கே, எல் போன்ற எழுத்து விசைகள் எண்களாக மாறிவிடும். அந்தத் தொல்லை வராமல் இருக்கத்தான் பலகை இப்படி அழுத்தி விடுவிக்கிறது. நானோ அந்த விசைக்கு ரூபாயைக் கொடுத்துவிட்டேன். அதனால் ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னும் பின்னும் ஒரு ரூபாய்.

தீர்வு ஒரு வரிதான். பூட்டன் தளவமைப்பில் நம்லாக்குக்கு வெறுமை என்று எழுதினேன். எண் விசைகள் நம்லாக்கின் நிலையைப் பார்க்கத் தேவையில்லை என்றும் குறித்தேன். இப்போது பலகை எத்தனை முறை நம்லாக்கை அனுப்பினாலும் ஒன்றும் எழுதப்படாது. ஆனால் அந்த ஒரு வரிக்கு மூன்று இரவுகள் போயின.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பூட்டனின் இரண்டாம் கொப்பி முழுவதும் பங்குக் கணக்கு. காணிப் பங்கு, கிணற்றுப் பங்கு. வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் தோட்டத்துக்குக் கிணறுதான் உயிர். சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி ஒரு கிணறு கட்டுவது ஒருவரால் ஆகிற காரியமல்ல. பலர் சேர்ந்து வெட்டி, பங்குப்படி முறைவைத்துத் துலா மிதித்து இறைப்பார்கள். இன்றும் நான் தட்டும் உறுதிகளில் காணியின் கூடவே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் வருகின்றன. பூட்டன் அந்தப் பங்குகளைப் பழைய கீழ்வாய் இலக்கங்களில், அதாவது பின்ன அடையாளங்களில், எழுதியிருக்கிறார். கால், அரை, முக்கால், அரைக்கால், வீசம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உருவம். கால் என்பது வ போல இருக்கும். இருபதில் ஒன்றான மா, ப போல.

இவை 2019இல்தான் யுனிகோடுக்குள் வந்தன, தமிழ் பிற்சேர்க்கை என்ற தனித் தொகுதியாக. முந்திரி எனப்படும் 1/320 வரைக்கும் இருக்கிறது. முதலில் திரையில் வெறும் பெட்டிகள்தான் தெரிந்தன; நோட்டோ குடும்பத்தில் அந்தப் பிற்சேர்க்கைக்கென்றே உள்ள எழுத்துருவை நிறுவிய பிறகு கால் காலாகவும் அரை அரையாகவும் தெரிந்தன.

இவற்றை எங்கே வைப்பது? எல்லா விசைகளும் நிரம்பிவிட்டன. ஆகவே எண்பலகையின் என்டர் விசையை இரண்டாம் தட்டுக்கான பிடிவிசையாக மாற்றினேன். சுண்டுவிரலால் அதை அழுத்திக்கொண்டு எண்ணைத் தட்டினால் பின்னம் வரும். வரி முடிந்தால் அடுத்த வரிக்குப் போக மடிக்கணினியின் சொந்த என்டர் இருக்கவே இருக்கிறது.

எந்த எண்ணுக்கு எந்தப் பின்னம் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன். "பூட்டன் உங்களுக்கு இதை எந்த ஒழுங்கில் சொல்லித் தந்தார்?" அம்மா விரலை மடக்கிச் சொன்னார்: "கால், அரை, முக்கால். வீசம், அரைக்கால், மூன்று வீசம். மா, இருமா, மும்மா."

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்று மூன்றாக மூன்று வரிசை. எண்பலகையும் மூன்று மூன்றாக மூன்று வரிசை. கால் என்றால் ஒரு கால், அரை என்றால் இரண்டு கால், முக்கால் என்றால் மூன்று கால். அது 1, 2, 3. பதினாறில் ஒன்று, பதினாறில் இரண்டு, பதினாறில் மூன்று. அது 4, 5, 6. இருபதில் ஒன்று, இரண்டு, மூன்று. அது 7, 8, 9. ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்றே ஏறுகிறது. மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை! அமெரிக்காவில் டேவிட் சண்ட்ஸ்ட்ராண்ட் என்பவர் 1914ஆம் ஆண்டளவில் கூட்டல் இயந்திரத்துக்கு வகுத்த ஒழுங்கு இது. 1, 2, 3 கீழேயும் 7, 8, 9 மேலேயும் வரும். தொலைபேசியில் அது தலைகீழ். 1, 2, 3 மேலே. தொலைபேசி ஒழுங்காக இருந்திருந்தால் அடிக்கடி வரும் கால், அரை, முக்காலுக்குக் கையை மேலே நீட்ட வேண்டியிருந்திருக்கும். இங்கே அவை சுண்டுவிரல் பிடித்திருக்கும் என்டரின் பக்கத்திலேயே இருக்கின்றன.

0க்கு முந்திரியை வைத்தேன். பூட்டன் எங்கும் முந்திரி எழுதவில்லை. இதுவரை பார்த்த பக்கங்களில் மா கூட ஓரிடத்தில்தான் வந்தது. ஆனாலும் அந்த வரிசைகளை வெறுமையாக விட மனம் வரவில்லை. வகுத்தல், பெருக்கல், கழித்தல், கூட்டல் விசைகளின் இரண்டாம் தட்டில் ரூபாய், வருடம், மாதம், நாள் குறிகளான ௹, ௵, ௴, ௳ நான்கையும் வைத்தேன். அவை பக்கத்தின் தலைப்பில் மட்டும் வருவதால் இடது கையால் எட்டி அழுத்தினால் போதும்.

பெறாமகன் நிரலையும் திருத்தித் தந்தான். ௧ முதல் ௯ வரை உள்ளவற்றை பைதான் நேரடியாகவே எண்ணாக ஏற்கிறது. ௰, ௱, ௲ அப்படி அல்ல. அவற்றைப் பெருக்கிக் கூட்டச் சில வரிகள் தேவைப்பட்டன. பின்னங்களுக்கு அவன் பட்டியல் ஒன்றும் எழுதவில்லை. ஒவ்வோர் அடையாளத்தின் பெறுமதியும் யுனிகோடின் அட்டவணையிலேயே இருக்கிறது; நிரல் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. மூன்று வீசம் என்று தட்டினால் 0.1875 என்று கணினிக்குத் தெரியும். போலி எழுத்துகளால் தட்டியிருந்தால் இது ஒருநாளும் நடந்திராது.

திருத்தித் தட்டிய பக்கங்கள் சித்திரையில் முடிந்தன. இப்போது இரண்டாம் கொப்பி. சென்ற வியாழக்கிழமை இரவு வடக்குக் கிணற்றின் பங்குப் பக்கம் வந்தது. அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கொப்பியை முகத்தோடு சேர்த்துப் பிடித்து வாசித்தார். நாலு பேர். முதலாமவருக்குக் கால். இரண்டாமவருக்கு மூன்று வீசம். மூன்றாமவருக்கு அரைக்கால். பூட்டனுக்குக் காலும் அரைக்காலும். நிரலை ஓட்டினேன். 0.9375 என்று வந்தது.

ஒரு வீசம் குறைகிறது. நான் எங்கோ தவறவிட்டேன் என்று திரும்ப வாசிக்கச் சொன்னேன். அம்மா திரும்ப வாசித்தார், அதே பங்குகள். பூச்சி அரித்த ஓரத்தில் ஐந்தாவது பெயர் இருந்திருக்குமோ என்று விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தோம். அங்கே எழுதிய தடமே இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு பக்கங்களைப் புரட்டத் தொடங்கினார். மூன்று பக்கம் தள்ளி, புகையிலைக் கன்று வாங்கிய கணக்குக்கு அடியில், விரலை வைத்தார்.

"இந்தா பிள்ளை. ௸ கிணற்றில் வீசம் தெருத்தொட்டிக்கு."

ஒழுங்கையில் போகும் மாடுகள் தண்ணீர் குடிக்க வேலியோரம் ஒரு கல்தொட்டி இருந்ததாம். அம்மா சின்னப் பிள்ளையாக அதில் கால் கழுவி ஏச்சு வாங்கியிருக்கிறார். அதற்கும் கிணற்றில் பங்கு எழுதி வைத்திருக்கிறார் பூட்டன்.

பெயருக்கான கட்டத்தில் 'தொட்டி' என்று தட்டினேன். சுண்டுவிரலால் என்டரைப் பிடித்து நாலை அழுத்தினேன். நிரலை மறுபடி ஓட்டியபோது திரையில் 1 என்று வந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.